கிரயம் எழுதிக் கொடுத்த கடற்கரை

2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. மராட்டியர்களின் பன்னிரண்டு கோட்டைகளை ஒரே தொகுப்பாக எடுத்துக்கொண்டார்கள். பதினொன்று மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன, ஒன்று மட்டும் நம் விழுப்புரம் மாவட்டத்தில். அந்தச் செய்திக்குப் பிறகு, திருவண்ணாமலை சாலை டீக்கடையில் உட்கார்ந்தால் கோட்டையைப் பற்றிப் பேச ஆள் கிடைப்பது சுலபமாகிவிட்டது. தேர்வாணையத் தேர்வுக்குப் படிக்கும் ஒரு தம்பி கேட்டார்: "சார், ராஜாராம் இங்க ஏழெட்டு வருஷம் முற்றுகையில இருந்தாருன்னு படிக்கிறோம். கோட்டைக்குள்ள மாட்டிக்கிட்ட ராஜாவுக்கு வெளியுறவுக் கொள்கைன்னு ஒண்ணு இருந்திருக்குமா?"

"இருந்துச்சு தம்பி. அதோட விளைவு நம்ம ஊர்ல 1947 வரைக்கும் நின்னுச்சு" என்றேன். அவர் இன்னொரு டீ சொன்னார். அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

முதலில் அன்றைய நிலைமை. ஔரங்கசீப் தெற்கே இறங்கி 1686இல் பீஜப்பூரையும் 1687இல் கோல்கொண்டாவையும் விழுங்கினார். 1689 தொடக்கத்தில் சிவாஜியின் மூத்த மகன் சம்பாஜி பிடிபட்டுக் கொல்லப்பட்டார். தலைநகரான ராய்கட்டும் அந்த ஆண்டே விழுந்தது. சம்பாஜியின் மனைவி ஏசுபாயும் சிறுவன் ஷாஹுவும் மொகலாயர் கையில் சிக்கினார்கள். மராட்டிய நாடு முழுக்க மொகலாயப் படை பரவி நின்றது. சிவாஜியின் இளைய மகனான பத்தொன்பது வயது ராஜாராம் மாறுவேடத்தில் பன்ஹாளாவிலிருந்து தப்பி, கேளடி, பெங்களூர், வேலூர் வழியாகச் செஞ்சி வந்து சேர்ந்தார். கேளடி ராணி சென்னம்மா வழியில் அடைக்கலம் கொடுத்தார். சிவாஜி 1677இல் பீஜப்பூராரிடமிருந்து பிடித்து வைத்திருந்த இந்தக் கோட்டைதான் அறுந்துபோகவிருந்த ஒரு அரசுக்குப் புகலிடம் ஆனது.

ராஜாராம் இங்கே வெறுமனே ஒளிந்திருக்கவில்லை. எட்டு அமைச்சர்கள் கொண்ட அவையை அமைத்தார். அவர்களுக்கும் மேலே 'பிரதிநிதி' என்று ஒரு புதுப் பதவியை உண்டாக்கி பிரகலாத் நிராஜியை அதில் உட்காரவைத்தார். சிவாஜியின் தூதராகக் கோல்கொண்டா அவையில் பழகியவர் பிரகலாத் நிராஜி. எதிரி முகாமில் யாருக்கு யாரோடு பகை என்பதைக் கணக்கெடுக்கத் தெரிந்தவர். தாயகத்தில் மிச்சமிருந்த கோட்டைகளையும் படைகளையும் நடத்தும் பொறுப்பு ராமச்சந்திர பந்த் அமாத்யரிடம் விடப்பட்டது. இந்த ராமச்சந்திர பந்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் பின்பாதி அவருடையது.

1690 செப்டம்பரில் ஜுல்ஃபிகர் கான் தலைமையில் மொகலாயப் படை செஞ்சிக்கு வந்தது. 1698 தொடக்கத்தில்தான் கோட்டை விழுந்தது. இந்த இடைக்காலம் முழுவதும் உள்ளே இருந்தவர்கள் பட்டினி கிடந்தார்கள் என்று நினைத்தால் அது தவறு. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என மூன்று குன்றுகளையும் இணைத்துப் போகும் மதிலை ஒருமுறை நடந்து பார்த்தவர்களுக்குப் புரியும், இதைச் சுற்றி வளைத்து அடைக்க எத்தனை ஆயிரம் பேர் வேண்டும் என்பது. ஆட்கள் வந்து போனார்கள், கடிதங்கள் வந்து போயின, தூதர்களும் வந்து போனார்கள். முற்றுகையில் மொகலாயர் பக்கம் இருந்த பீம்சேன் என்பவர் பாரசீகத்தில் நினைவுக்குறிப்பு எழுதியிருக்கிறார். ஜுல்ஃபிகர் கான் நினைத்திருந்தால் முன்பே கோட்டையைப் பிடித்திருக்கலாம், வேண்டுமென்றே இழுத்தடித்தார் என்பது அவருடைய கணிப்பு.

அந்த அவையின் வெளியுறவுக் கொள்கை நான்கு திசையில் நடந்தது.

முதல் திசை, எதிரியின் கூடாரம். ஔரங்கசீப்புக்கு அப்போது எழுபது வயது தாண்டிவிட்டது. கிழவர் கண் மூடினால் மகன்களுக்குள் வாரிசுச் சண்டை வரும் என்பது மொகலாயத் தளபதிகள் ஒவ்வொருவருக்கும் தெரியும். செஞ்சி அவை அந்தப் பயத்தோடும் ஆசையோடும் பேச்சு நடத்தியது. முற்றுகையில் இருந்த இளவரசர் காம்பக்ஷ் ராஜாராமோடு இரகசியத் தொடர்பு வைத்துக்கொண்டார். அது வெளியே தெரிந்ததும் ஜுல்ஃபிகர் கானும் அவர் தகப்பனார் ஆசாத் கானும் சொந்த இளவரசரையே சிறைவைக்க நேர்ந்தது. அதே வேளையில் மராட்டியத் தளபதிகள் சந்தாஜி கோர்படேயும் தனாஜி ஜாதவும் வடக்கேயிருந்து வந்து காஞ்சிபுரம் பக்கம் மொகலாய அதிகாரியைப் பிடித்து, தானியம் வரும் வழியை அறுத்தார்கள். 1693 ஜனவரியில் ஜுல்ஃபிகர் கான் முற்றுகையைக் கலைத்துக்கொண்டு வந்தவாசிக்குப் பின்வாங்கினார். முற்றுகையில் இருந்த அரசு, முற்றுகை போட்டவரைப் பட்டினி போட்டுத் துரத்தியது. படையும் பேச்சும் ஒன்றாக வேலை செய்த இடம் இது.

இரண்டாம் திசை, அண்டை வீட்டார். தஞ்சாவூரில் ஆண்ட ஷாஹஜி ராஜாராமின் சித்தப்பா மகன். ஆரம்பத்தில் உதவினார், மொகலாயப் படை தஞ்சைப் பக்கம் திரும்பியதும் 1694இல் பணிந்து கப்பம் கட்ட ஒப்புக்கொண்டார். மதுரையில் ராணி மங்கம்மாள் மொகலாயருக்குக் கப்பம் செலுத்தித் தன் நாட்டைக் காத்துக்கொண்டார். இருவரையும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் பொறுப்பில் இருந்தது அவரவர் குடிமக்களின் உயிரும் வயலும்.

மூன்றாம் திசை, தாயகத்துப் போர்த்தலைவர்கள். மொகலாயர் அவர்களுக்குப் பதவியும் நிலமும் காட்டி இழுத்தார்கள். செஞ்சி அவையும் பதிலுக்குச் சாசனம் எழுதியது. 1691இல் ஹன்மந்தராவ் கோர்படேக்குத் தந்த சாசனம் ஒன்று இருக்கிறது. ராய்கட்டை மீட்டால் இவ்வளவு, பீஜப்பூரைப் பிடித்தால் இவ்வளவு, ஐதராபாத்துக்கு இவ்வளவு, ஔரங்காபாத்துக்கு இவ்வளவு என்று படிப்படியாக அடுக்கி, கடைசிப் படியாக டெல்லியை வைத்திருக்கிறார்கள். தலைநகரை இழந்து, ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர் தொலைவில் ஒரு குன்றின் மேல் உட்கார்ந்திருந்த அவை டெல்லியைக் குறிவைத்துச் சாசனம் எழுதியது. ஆக்கிரமிப்பை ஏற்க மறுப்பதை எழுத்தில் பதிவதும் ஒரு கொள்கைதான். தளர்ந்திருந்தவர்களை அது தூக்கி நிறுத்தியது.

நான்காம் திசை கடற்கரை. இங்கேதான் நான் நிதானமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

செஞ்சிக்குக் கிழக்கே, இன்றைய கடலூரை ஒட்டித் தேவனாம்பட்டினம் இருக்கிறது. அங்கே ஒரு சிறு கோட்டை. அதன் மேல் ஆங்கிலேயருக்குக் கண். காரணம் இதுதான். 1686 முதல் 1690 வரை கிழக்கிந்தியக் கம்பெனி மொகலாயரோடு போரிட்டுத் தோற்று, மன்னிப்புக் கேட்டு மீண்டிருந்தது. கோல்கொண்டா விழுந்த பிறகு மதராஸும் மொகலாயர் எல்லைக்குள் வந்துவிட்டது. ஆகவே மொகலாயர் கை எட்டாத ஒரு கரையில், தன் சொந்தப் பெயரில் ஓர் அரண் கம்பெனிக்கு அவசரமாகத் தேவைப்பட்டது. செஞ்சி அவைக்கோ பணம் அவசரமாகத் தேவைப்பட்டது. மருந்துக்கும் குண்டுக்கும் சிப்பாய் சம்பளத்துக்கும் ரொக்கம் வேண்டும். தாயகத்து வரி வந்து சேராது.

1690இல் பேரம் முடிந்தது. தேவனாம்பட்டினம் கோட்டை விற்கப்பட்டது. கோட்டையோடு எவ்வளவு நிலம்? கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு விழும் தூரம் வரை. மதராஸ் கம்பெனியார் கையில் இருந்ததிலேயே அதிக தூரம் சுடும் பீரங்கியை அனுப்பினார்கள். அதை எவ்வளவு தூரம் சுடச்செய்வது என்பது பீரங்கிக்காரனின் கைத்திறன் என்று சொல்லியும் அனுப்பினார்கள். நாலாபக்கமும் சுட்டார்கள். குண்டு விழுந்த இடம் வரை கம்பெனி நிலம். கடலூர் பட்டணமும் சுற்றுக் கிராமங்களும் அதற்குள் போயின. கடலூரில் இன்றும் குண்டு சாலை இருக்கிறது. பக்கத்தில் குண்டு உப்பலவாடி என்ற ஊரும் இருக்கிறது. கோட்டைக்குப் புனித டேவிட் கோட்டை என்று பெயர் வைத்தார்கள்.

தம்பி இங்கே குறுக்கிட்டார். "குண்டு போற தூரத்துக்கு நிலமா? அளந்து குடுக்க மாட்டாங்களா சார்?"

அளந்து கொடுக்க நேரமோ மனமோ இல்லாத நிலை தம்பி. அந்த அவை எண்ணிக்கொண்டிருந்தது அடுத்த மாதச் சம்பளத்தை. வாங்கியவர்கள் எண்ணிக்கொண்டிருந்தது அடுத்த நூற்றாண்டை.

பாண்டிச்சேரியில் நடந்ததும் இதே கதை. பிரான்சுவா மார்த்தேன் அங்கே பிரெஞ்சுக்காரருக்காக ஊரை வளர்த்துக்கொண்டிருந்தார்; அரண் எழுப்ப மராட்டிய அதிகாரிகளிடம் அனுமதி பெற்றிருந்தார். ஐரோப்பாவில் அப்போது பிரான்சுக்கு எதிராக டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் போரில் இருந்தார்கள். அந்தப் போரைச் சாக்காக வைத்து, டச்சுக்காரர் செஞ்சி அவையிடம் பணம் கொடுத்துப் பாண்டிச்சேரியின் மேல் உரிமையை வாங்கிக்கொண்டு, 1693 செப்டம்பரில் கப்பற்படையோடு வந்து ஊரைப் பிடித்தார்கள். 1697இல் ஹாலந்து நாட்டு ரைஸ்விக் என்னும் ஊரில் ஐரோப்பியர் தங்களுக்குள் சமாதானம் செய்துகொண்டபோது பாண்டிச்சேரி பிரெஞ்சுக்காரருக்குத் திரும்ப எழுதப்பட்டது. 1699இல் டச்சுக்காரர் ஒப்படைத்தார்கள், கோட்டையைப் பலப்படுத்திய செலவை வாங்கிக்கொண்டு. நம் கடற்கரை ஊர் யாருக்கு என்பதை ஐரோப்பாவில் கூடிப் பேசி முடித்தார்கள். மேலுரிமை கொண்ட அரசன் அந்த மேசையில் இல்லை.

மொகலாயர் மட்டும் விவரமாக இருந்தார்களா என்றால் அதுவும் இல்லை. செஞ்சியை முற்றுகையிட்டிருந்த அதே காலத்தில், 1693இல், மொகலாய வசீர் ஆசாத் கான் எழும்பூர், புரசைவாக்கம், தண்டையார்பேட்டை ஆகிய மூன்று கிராமங்களையும் மதராஸ் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தார். மதிலுக்கு உள்ளே இருந்தவர் தேவனாம்பட்டினத்தைக் கொடுத்தார், வெளியே இருந்தவர் எழும்பூரைக் கொடுத்தார். இரண்டும் ஒரே கைக்குப் போயின. இருவரும் ஒருவரையொருவர்தான் எதிரி என்று எண்ணியிருந்தார்கள். பீரங்கி மருந்து விற்க வந்தவர் வெறும் வியாபாரி என்பதே இரு தரப்பின் கணக்கும்.

இனி ராமச்சந்திர பந்துக்கு வருகிறேன். ராஜாராம் இங்கே இருந்த ஆண்டுகள் முழுவதும் ஆக்கிரமிக்கப்பட்ட தாயகத்தில் நின்று நிர்வாகத்தை நடத்தியவர் அவர். சிவாஜி, சம்பாஜி, ராஜாராம் மூவரிடமும் பணி செய்தவர். 1715இல், கோலாப்பூர் அரசர் இரண்டாம் சம்பாஜியின் பெயரால், 'ஆக்ஞாபத்திரம்' என்ற அரசியல் நூலை மராத்தியில் எழுதினார். கோட்டை, படை, கப்பல், வணிகம் என்று பகுதி பகுதியாக ஆட்சிமுறையைச் சொல்லும் நூல் அது. அதில் ஐரோப்பியரைப் பற்றி அவர் சொல்லும் பகுதி, நம் நாட்டு அரசியல்வாதி ஒருவர் அந்நியக் கம்பெனிகளைப் பற்றி அவ்வளவு தெளிவாக எழுதிய மிகப் பழைய கருத்துகளில் ஒன்று.

அவர் வாதம் இப்படிப் போகிறது. வணிகர்களால்தான் நாடு செழிக்கிறது. அவர்களை மரியாதையாக நடத்த வேண்டும். ஆனால் போர்த்துகீசியர், ஆங்கிலேயர், டச்சுக்காரர், பிரெஞ்சுக்காரர் முதலான தொப்பிக்காரர்கள் மற்ற வணிகர்களைப் போன்றவர்கள் அல்லர். ஒவ்வொரு கூட்டத்துக்கும் பின்னால் ஓர் அரசன் இருக்கிறான். அந்த அரசன் சொல்லித்தான் அவர்கள் வருகிறார்கள். அரசனுக்கு நிலத்தின் மேல் ஆசை இல்லாமல் இருக்குமா? கையில் கிடைத்த இடத்தை உயிர் போனாலும் விடமாட்டார்கள். ஆகவே வரட்டும், விற்கட்டும், போகட்டும். பண்டசாலைக்கு நிரந்தர இடம் கொடுக்காதே. கொடுத்தே தீர வேண்டும் என்றால் கடலோரத்திலும் துறைமுகத்திலும் கொடுக்காதே. கப்பலும் பீரங்கியும்தான் அவர்கள் பலம், கரையில் இடம் கிடைத்தால் அங்கே கோட்டை எழும்பும். உள்நாட்டில், நம் பெரிய ஊர் ஒன்றின் பார்வைக்குள், தாழ்வான இடத்தில் கொடு. உறுதியான கட்டடம் எழுப்ப விடாதே.

ராமச்சந்திர பந்த் இதை எழுதும்போது அவர் கண்முன் இருந்தது முதன்மையாகக் கொங்கணக் கரை. கோவாவில் போர்த்துகீசியரையும் பம்பாயில் ஆங்கிலேயரையும் வாழ்நாள் முழுக்கப் பார்த்தவர். ஆனால் ஒவ்வொரு வரியையும் தேவனாம்பட்டினத்தோடு வைத்துப் பாருங்கள். அவர் கொடுக்காதே என்ற இடம் கடற்கரை. செஞ்சி அவை கொடுத்ததும் கடற்கரை. அவர் கட்டவிடாதே என்றது கோட்டை. அவை விற்றதே கோட்டை. தன் அரசு உயிர்பிழைக்கச் செய்த காரியத்தின் மறுபக்கத்தை அதே அரசின் அமைச்சர் எழுதிவைத்திருக்கிறார்.

"அப்ப ராஜாராம் செஞ்சது தப்பா சார்?" என்றார் தம்பி.

தப்பு என்று ஒரே சொல்லில் முடித்துவிட முடியாது. செஞ்சி நின்ற அந்த ஏழு ஆண்டுகளில் மொகலாயரின் பெரும்படையும் கருவூலமும் இங்கே கட்டுண்டு கிடந்தன. அந்த அவகாசத்தில்தான் தாயகத்தில் மராட்டியர் மீண்டும் எழுந்தார்கள். கோட்டை விழும் முன்பே ராஜாராம் தப்பி ஊர் திரும்பினார். ஔரங்கசீப் 1707இல் தக்காணத்திலேயே இறந்தார், மராட்டியரை அடக்காமலே. அந்த வகையில் செஞ்சி அவை தன் முதல் வேலையை முடித்தது. பணம் இல்லாமல் அது நடந்திருக்காது.

ஆனால் பணத்துக்கு எதைக் கொடுப்பது என்பது வேறு கேள்வி. நம் கிராமத்தில் குடும்பம் நொடித்தால் நிலத்தை ஒத்திக்கு வைப்பார்கள். பெரியவர்கள் கிரயம் எழுத மட்டும் விடமாட்டார்கள். ஒத்தி மீளும், கிரயம் மீளாது. செஞ்சி அவையிடம் ஒத்திக்கு வைக்கப் பொருள் இருந்தது. துறைமுகச் சுங்கத்தைச் சில ஆண்டுகளுக்கு எழுதிக் கொடுத்திருக்கலாம். வணிக உரிமையைக் காலவரையோடு விற்றிருக்கலாம். ஆங்கிலேயர், டச்சுக்காரர், பிரெஞ்சுக்காரர் என மூன்று பேர் ஒரே கரைக்குப் போட்டி போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஆங்கிலேயர் பெரிய அவசரத்தில் வேறு இருந்தார்கள். விற்றவர் தன்னிடம் இருந்த பேர வலுவைக் கொஞ்சமும் பயன்படுத்தவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆக்கிரமிப்புக் காலத்தில் ஒப்பந்தம் போட்டவர்கள் வேறு நாட்டிலும் உண்டு. 1940இல் ஜெர்மனி டென்மார்க்கைப் பிடித்தது. வாஷிங்டனில் இருந்த டென்மார்க் தூதர் ஹென்ரிக் கௌஃப்மன், ஆக்கிரமிப்பின் கீழ் இருந்த தன் அரசைக் கேட்காமலே, 1941 ஏப்ரல் 9 அன்று கிரீன்லாந்தில் தளம் அமைக்க அமெரிக்காவுக்கு இடம் தந்து கையெழுத்திட்டார். கோபன்ஹேகன் அவரைப் பதவிநீக்கியது, அவர் நகரவில்லை. ஆனால் அந்த ஒப்பந்தத்தில் இரண்டு காப்புகள் இருந்தன. கிரீன்லாந்து டென்மார்க்குக்கே உரியது என்பதை அமெரிக்கா ஒப்புக்கொண்டது. அன்றைய ஆபத்து நீங்கியது என்று இரு தரப்பும் ஒப்புக்கொள்ளும் வரைதான் ஒப்பந்தம் என்றும் எழுதப்பட்டது. விடுதலைக்குப் பிறகு டென்மார்க் நாடாளுமன்றம் அதை ஏற்றது. 1951இல் புது ஒப்பந்தம் வந்தது. அமெரிக்கத் தளம் இன்றும் அங்கே இருக்கிறது. ஒத்தியாக வைத்த இடத்திலிருந்தே விருந்தாளி கிளம்பவில்லை என்றால், கிரயம் எழுதிய இடத்தின் கதி என்ன என்று சொல்லத் தேவையில்லை.

நம் கரையில் அது எப்படி முடிந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1746இல் பிரெஞ்சுக்காரர் மதராஸைப் பிடித்தபோது, ஆங்கிலேயருக்குச் சோழமண்டலக் கரையில் ஒதுங்கக் கிடைத்த அரண் செஞ்சி அவை விற்ற அதே புனித டேவிட் கோட்டைதான். இளைஞன் ராபர்ட் கிளைவ் மதராஸிலிருந்து தப்பி அங்கேதான் வந்து சேர்ந்தான். 1752 வரை கம்பெனியின் தென்னாட்டுத் தலைமையிடம் அதுவே. 1750இல் புஸ்ஸி தலைமையில் பிரெஞ்சுப் படை செஞ்சி மலைக்கோட்டையையே பிடித்தது. மொகலாயர் பல ஆண்டு மோதிய கோட்டை ஒரே இரவில் விழுந்தது. 1761இல் அது ஆங்கிலேயர் கைக்கு மாறியது. சுற்றி வளைத்திருந்த மொகலாயர் போய்விட்டார்கள். பணம் கொடுத்தவர்கள் தங்கிவிட்டார்கள்.

ஆகவே என் முடிவு இது. ராஜாராமும் பிரகலாத் நிராஜியும் வாசலில் நின்ற எதிரியைச் சரியாகப் புரிந்துகொண்டார்கள். அந்தக் கொள்கை வென்றது. கடலிலிருந்து வந்தவரைப் புரிந்துகொள்ளவில்லை. அந்தத் தோல்விக்கு விலை கொடுத்தது நாம். ராமச்சந்திர பந்த் சொன்னதே சரி. அவர் சொன்னபோது காலம் கடந்திருந்தது.

செஞ்சிக்கு வருகிறவர்கள் ராஜகிரி ஏறி இறங்கிய மறுநாள் கடலூர் போய்த் தேவனாம்பட்டினத்தையும் பார்த்துவிட்டு வாருங்கள். இரண்டையும் பார்த்தால்தான் இந்த வரலாறு முழுமையாகும். பிறகு எந்த நாட்டிலாவது, போரிலோ கடனிலோ சிக்கிய அரசு வெளிநாட்டோடு நிலம், துறைமுகம், தளம் என்று கையெழுத்திடும் செய்தி வந்தால், அது 2017இல் இலங்கை அம்பாந்தோட்டைத் துறைமுகத்தை 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டது போன்ற செய்தியானாலும் சரி, மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: எத்தனை காலத்துக்கு? நிலம் யார் பெயரில் இருக்கிறது? திரும்பப் பெறும் வழி எழுத்தில் இருக்கிறதா? மூன்றுக்கும் பதில் கிடைக்காத எந்த ஒப்பந்தத்தையும், அதில் கையெழுத்திட்டது நமக்குப் பிடித்த தலைவராகவே இருந்தாலும், ஆதரிக்காதீர்கள்.